செஞ்சியில் ஆதன்

செஞ்சிக் கோட்டை. நெற்களஞ்சியத்தின் நிழல். கல் தரை குளிர்ந்திருக்கிறது. முதுகு சுவரில்.

மடியில் புத்தகம். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. இளையோர் நாவல்.

இன்னும் பிரிக்கவில்லை.

*

மூச்சு வருகிறது. போகிறது.

எதிரே ராஜகிரி மலை. உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று. அவற்றை யாரும் அடுக்கவில்லை. அவற்றின்மேல் மதில். அது ஆள் வைத்து அடுக்கியது. பாறை எங்கே நிற்கிறது, மதில் எங்கே தொடங்குகிறது என்று கண் தேடுகிறது.

கொஞ்ச நேரத்தில் தேடுவதை விட்டுவிடுகிறது.

*

முதல் பக்கம்.

காகித வாசனை. களஞ்சியத்தின் உள்ளிருந்து வௌவால் வாசனை. இரண்டும் கலப்பதில்லை. மாறி மாறி வருகின்றன.

*

தலை நரைத்த பிறகு இளையோர் நாவலோடு பொது இடத்தில் உட்கார்ந்திருப்பதில் ஒரு கூச்சம். டிக்கெட் வாங்கி வந்த ஒருவர் அட்டையைப் பார்க்கிறார். முகத்தைப் பார்க்கிறார். நகர்கிறார்.

கூச்சம் வருகிறது. பக்கத்தில் உட்காருகிறது.

மூன்றாம் பக்கத்தில் அதைக் காணோம்.

*

உதயசங்கர் கோவில்பட்டிக்காரர். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். பெரியவர்களுக்குச் சிறுகதை எழுதினார். மலையாளத்திலிருந்து நிறைய மொழிபெயர்த்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் வந்தார். வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார்.

வண்டி போன பிறகு பிளாட்பாரத்தில் ஒரு அமைதி மிஞ்சும். அவருடைய வாக்கியங்களுக்கு நடுவில் அது இருப்பதாகத் தோன்றுகிறது. ஸ்டேஷன் மாஸ்டர் என்று தெரிந்திருப்பதால் தோன்றுகிறதோ என்னவோ.

செஞ்சிக்கு ரயில் இல்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குத் தண்டவாளம் என்று வெகு காலமாகப் பேச்சு.

பேச்சு இருக்கிறது.

*

பக்கம் புரள்கிறது. காற்று புரட்டியது. விரல் திரும்பப் புரட்டுகிறது.

*

கதை கீழடியில். இந்தக் காலத்துப் பையன் ஒருவன். 2600 வருஷத்துக்கு முந்தைய பையன் ஒருவன். இருவரும் சந்திக்கிறார்கள்.

அதெப்படி என்று மனசுக்குள் ஒரு பெரியவர் கேட்கிறார்.

கேட்டுக்கொண்டே இருக்கட்டும். கதை நடக்கிறது.

*

கீழடி மதுரைக்குப் பக்கத்தில், சிவகங்கை மாவட்டத்தில். தென்னந்தோப்பு. வைகை எட்டும் தூரம். 2015-ல் மத்தியத் தொல்லியல் துறை குழி வெட்டத் தொடங்கியது. பிறகு தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை. 2019 செப்டம்பரில் அறிக்கை வந்தது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்றது அறிக்கை.

353 சென்டிமீட்டர். இரண்டு ஆள் ஆழம்.

இந்தக் கல் தரைக்குக் கீழே இரண்டு ஆள் ஆழத்தில் என்ன இருக்கும்.

கேள்வி வருகிறது. கேள்விக்குறி வரவில்லை. உள்ளங்கால் குளிர்கிறது.

*

ஆதன் என்ற பெயர் உதயசங்கர் வைத்ததில்லை. கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் இருக்கிறது. குவிரன் ஆதன் என்று ஒரு ஓடு. ஆதன் என்று ஒரு ஓடு. தமிழி எழுத்து. பானை சுட்ட பிறகு கூர்மையான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள்.

யார் கீறியது. பானைக்குச் சொந்தக்காரனா. சொந்தக்காரனின் பிள்ளையா.

கீறும்போது கை வழுக்கியிருக்கும். கீச்சென்று சத்தம் வந்திருக்கும். பக்கத்தில் இருந்தவர் பல்லைக் கடித்திருப்பார்.

*

தலையை நிமிர்த்துகையில் சுவர் கண்ணில் படுகிறது.

களஞ்சியத்துச் சுவரில் பெயர்கள். சாவியால் கீறியது, கல்லால் கீறியது. ஒரு பெயர், ஒரு கூட்டல் குறி, இன்னொரு பெயர். சுற்றி இதயம். ஒன்றில் அம்பு பாதியில் நிற்கிறது. வாட்ச்மேன் வந்திருப்பார்.

வெளியே நீல நிறப் பலகை. சுவரில் எழுதாதீர் என்கிறது. அபராதம் என்கிறது.

ஓட்டில் இருக்கும் பெயரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். சுவரில் இருக்கும் பெயரைச் சுண்ணாம்பு பூசி மறைக்கிறோம். இரண்டும் சரிதான்.

கீறுகிற கைக்கு இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு எண்ணம் வருகிறது. அதையும் பார்க்கிறேன். சுவரில் அரணை ஒன்று பெயர்களைக் கடந்து போகிறது.

*

மறுபடி புத்தகம்.

கீழடிக் கதையில் தகவல் வராமல் இருக்காது. தகவல் வருகிற இடத்தில் கண் வேகமாகப் போகிறது. இரண்டு பையன்களும் சேர்ந்து இருக்கிற இடத்தில் தானாக நிற்கிறது. யாரும் கண்ணிடம் சொல்லவில்லை.

பதிமூன்று வயதில் படித்திருந்தால் எங்கே நின்றிருக்கும்.

அந்தக் கண் இப்போது இல்லை.

*

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள். வரிசை கலைகிறது. சார் ஒருவர் அதட்டுகிறார். வரிசை கூடுகிறது. மறுபடி கலைகிறது.

"இதான் கல்யாண மகால்."

எட்டடுக்குக் கோபுரம். பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கிறார்கள். மண்குழாய் வழியாக மேல் தளத்துக்குத் தண்ணீர் ஏறியதாம். சார் அதைச் சொல்கிறார். ஒரு பையன் வாயைத் திறந்தபடி கேட்கிறான். கீழடியிலும் சுடுமண் குழாய் கிடைத்தது. அங்கே மண்ணுக்கு அடியில், படுத்த வாக்கில்.

ஒன்று ராணிக்கு. மற்றொன்று யாருக்கு.

*

கடைசி வரிசையில் ஒரு பெண். இரட்டைச் சடை. ஒரு ரிப்பன் அவிழ்ந்து தொங்குகிறது. குனிந்து எதையோ எடுக்கிறாள். ஓட்டுத் துண்டு. பழைய ஓடா, போன மாதம் உடைந்த பூந்தொட்டியா, தெரியவில்லை. கல் தரையில் தேய்க்கிறாள். ஓரம் மழுங்கும்வரை தேய்க்கிறாள். விரலால் தடவிப் பார்க்கிறாள். திருப்பி மறுபக்கம் தேய்க்கிறாள். சிவப்பாகப் பொடி உதிர்கிறது. பொடியை ஊதுகிறாள். உள்ளங்கையில் வைத்து எடை பார்க்கிறாள்.

கட்டம் போட்டிருக்கிற கல் பாளங்களே போதும். ஓட்டை எறிகிறாள். நொண்டுகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று. கோட்டை மிதிக்காமல் திரும்புகிறாள்.

கீழடியில் வட்டச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஓரம் தேய்த்த பானை ஓடுகள். ஆட்டக் காய்கள். பகடை. அறிக்கையில் அவை அட்டவணையாக இருக்கின்றன.

இங்கே சத்தமாக இருக்கிறது.

சார் கூப்பிடுகிறார். சில்லு சட்டைப் பைக்குள் போகிறது.

*

அமைதி திரும்புகிறது. அது முன்பிருந்த அமைதி இல்லை.

*

சார் பிள்ளைகளுக்குச் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் கதை சொல்லிக்கொண்டு போகிறார். குரல் தூரத்தில் தேய்கிறது. பாராசாரிக் குதிரை. டில்லியில் யாராலும் அடக்க முடியாத குதிரை. அடக்கியவனின் மகன். இல்லை, அடக்கியவனே மகன்தான். அப்பாவால் முடியாததை மகன் செய்கிறான். தெருக்கூத்தில் அப்படி. பெரிய எழுத்துப் புத்தகத்தில் அப்படி. 1960-ல் வந்த படத்தில் எம்.ஜி.ஆர்.

1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு சண்டை. தேசிங்கு சாகிறான். வயது 22 என்கிறார்கள்.

22.

எண்ணை வாசித்துவிட்டு மூச்சு கொஞ்சம் நிற்கிறது. தானாகத் தொடர்கிறது.

*

சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தது 1677-ல். அவருடைய இளைய மகன் ராஜாராமுக்கு அப்போது ஏழு வயது. 1689-ல் முகலாயப் படைக்குத் தப்பி மாறுவேஷத்தில் தெற்கே ஓடி வந்து இந்த மலைக்குள் புகுகிறபோது 19. முற்றுகை 1698 வரை இழுக்கிறது. முப்பது வயதில் போய்விடுகிறார்.

19-ம் 22-ம். இளையோர் நாவல் படிக்கிற வயது.

கோட்டைச் சரித்திரத்தில் அவர்கள் அந்த வயதில் வருவதில்லை. ராஜாவாக வருகிறார்கள். பயம் வந்ததா, ராத்திரி தூக்கம் பிடித்ததா, மதில் விளிம்பில் நின்று எச்சில் துப்பி அது எவ்வளவு தூரம் விழுகிறது என்று பார்த்தார்களா. பாட்டில் இல்லை. கல்வெட்டில் இல்லை.

*

தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் ஒரு ஊருக்குப் பெயர் வைத்ததாகச் சொல்கிறார்கள். ராணிப்பேட்டை.

ஊர்ப் பெயரில் ராணி இருக்கிறது. அவள் பெயர் இல்லை.

அவளுக்கு என்ன வயது.

*

குரங்கு ஒன்று வருகிறது. ஒரு முழம் தள்ளி உட்காருகிறது. புத்தகத்தைப் பார்க்கிறது. தின்பண்டமா என்று பார்க்கிறது. கை நீள்கிறது. அட்டையின் மூலையை முகர்கிறது.

இரண்டு பேரும் அசையவில்லை.

அதற்குத் தெரிந்துவிட்டது. போகிறது. அட்டையில் ஈரம். காய்கிறது.

*

வெயில் நிழலைத் தின்றுகொண்டு வருகிறது. கால் விரலில் சூடு. விரலை மடக்குகிறேன். கொஞ்ச நேரம் போதும்.

*

மல்லாட்டை விற்கிற அம்மா கூடையை இறக்கி வைக்கிறார். அவித்த மல்லாட்டை. ஈர மண் வாசனையும் உப்பு வாசனையும். ஒரு படி அளந்து பேப்பரில் கொட்டுகிறார்.

"என்னா கண்ணு படிக்கிற?"

"கதைம்மா. சின்னப் பசங்க கதை."

"சின்னப் பசங்க படிக்காதுங்க. ஃபோன பாக்கும்." சொல்லிவிட்டு மடியைத் தளர்த்துகிறார். "நல்லாருக்குதா?"

"ம்."

"எதைப் பத்தி?"

"மண்ணுக்குள்ள ஒரு ஊரு இருந்துதும்மா. அந்த ஊருப் பையன்."

அவர் தரையைப் பார்க்கிறார். "இங்கியும் இருக்கும். தோண்ட விடமாட்டாங்க."

மல்லாட்டைத் தோல் விரல் நடுவில் உடைகிறது. உள்ளே மூன்று பருப்பு. ஒன்று சொத்தை.

*

மதியம்.

ராஜகிரி ஏறுகிறவர்கள் எறும்பாகத் தெரிகிறார்கள். உச்சி 800 அடி. அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி. தெற்கே சந்திரகிரி. மூன்றையும் கோர்த்து மதில். 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மராத்தியர் கோட்டைகள் 12. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது இது.

செஞ்சித் தூண்கள் கொஞ்சம் புதுச்சேரியில் இருக்கின்றன. கடற்கரையில், காந்தி சிலையைச் சுற்றி. பிரெஞ்சுக்காரர் கொண்டுபோனவை.

கல் எங்கெங்கோ போகிறது. இந்தத் தரைக் கல் இங்கேயே இருக்கிறது. உள்ளங்கையை அதன்மேல் வைக்கிறேன். சூடு.

*

படித்துக்கொண்டே இருந்ததில் ஒரு அத்தியாயம் போனது தெரியவில்லை. கண் படித்திருக்கிறது. ஆள் இல்லை. எங்கே போயிருந்தேன். தெரியவில்லை.

திரும்ப அதே அத்தியாயம். இந்த முறை ஆதன் இருக்கிறான்.

*

அந்த வயதில் கிடைத்தவை. வாண்டுமாமா. காமிக்ஸ். கல்கண்டில் தமிழ்வாணனின் சங்கர்லால். அங்கிருந்து ஒரே தாவலில் 'பொன்னியின் செல்வன்'. நடுவில் பள்ளம். தாண்டியவர்கள் தாண்டினார்கள். பாதிப்பேர் அந்தப் பள்ளத்தில் படிப்பதை நிறுத்தினார்கள்.

பிறகு சிலது வந்தன. ஜெயமோகனின் 'பனிமனிதன்' தினமணி சிறுவர்மணியில் தொடராக வந்தது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-ல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. தொடக் கூடாத இடத்தில் தொடுகிறவர்களைப் பற்றிய கதை. பெரியவர்களிடம் சொல்ல நா எழாதபோது அங்கே ஒரு பொம்மை இருக்கிறது. 'ஆதனின் பொம்மை'க்கு அதே விருது 2023-ல்.

இரண்டிலும் பொம்மை.

கோட்டையைக் கட்டுகிறவர்கள் பொம்மையைக் கணக்கில் எழுதுவதில்லை. பீரங்கி எத்தனை, குதிரை எத்தனை, நெல் எத்தனை கலம். முற்றுகை நடந்த அத்தனை வருஷமும் மதிலுக்குள் குழந்தைகள் பிறந்திருக்கும். நடை பழகியிருக்கும். ஏதாவது ஒன்றைக் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கும்.

*

ஆனைக்குளத்தில் தண்ணீர் பச்சை. ஒரு தவளை குதிக்கிறது. வட்டம் விரிகிறது. கரையைத் தொடுமுன் இல்லாமல் போகிறது.

*

புத்தகம் முடிகிறது.

முடிந்த பக்கத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாள். அதையும் பார்க்கிறேன். எழுத்தில்லாத தாளில் பார்க்க நிறைய இருக்கிறது. நார். ஒரு புள்ளி. அச்சடித்த பக்கத்தின் நிழல் எழுத்து, வலமிருந்து இடமாக.

சந்தோஷமா என்றால் தெரியவில்லை. மார்புக்குள் கொஞ்சம் இடம் கூடியிருக்கிறது. அதில் ஒன்றும் வைக்கவில்லை.

*

கோட்டையிலிருந்து இங்கே வந்தாயிற்று. செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரம் போகிற பக்கம், திருநாதர்குன்று. ஏறக்குறைய ஆள் இல்லாத பாறை. இரண்டு வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். வரிசைக்குப் பன்னிரண்டு. கண் மூடியும் மூடாமலும் 24 பேர்.

பக்கத்துப் பாறையில் ஒரு பழைய கல்வெட்டு. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட இடம் இது என்கிறது. வேறொன்றும் சொல்லவில்லை. ஏன் என்று சொல்லவில்லை. யார் அழுதார்கள் என்று சொல்லவில்லை.

ஒரு பெயர். ஒரு எண்.

ஓட்டில் ஆதனுக்கு எண்கூட இல்லை. அதனால்தான் அவனால் ஒரு பையனாக வர முடிந்தது போல.

*

பாறையில் உட்கார்ந்திருக்கிறேன். காற்று சட்டைக்குள் போய் வருகிறது. கீழே வயலில் டிராக்டர். அது நின்ற பிறகுதான் இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்தது என்று காதுக்குத் தெரிகிறது.

*

எண்ணம்: இதைப் பற்றி எழுத வேண்டும்.

எண்ணம்: எழுத என்ன இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு மைனா.

*

மனசு கோட்டைக்குத் திரும்புகிறது. கல்யாண மகாலைச் சுற்றி லாயங்கள். வரிசையாக, தாழ்ந்த வளைவுகளோடு. காலையில் அவற்றின் வழியாகத்தான் வந்தேன். ஒவ்வொன்றும் ஒரு குதிரைக்குப் போதும். ஓரத்தில் ஒரு ஆள் படுக்கலாம். பெரிய ஆள் படுக்க முடியாது. காலை மடக்க வேண்டும்.

பாராசாரிக்குக் கொள்ளு வேக வைத்தவன் ஒருவன் இருந்திருப்பான். தண்ணீர் காட்டியவன். குளம்பில் சிக்கிய கல்லை எடுத்தவன். பெரும்பாலும் அது பையன்களின் வேலை. குதிரையை அடக்கியவனைப் பற்றிப் பாட்டு இருக்கிறது. மறுநாள் காலையில் அதே குதிரைக்குப் பக்கத்தில் பயந்துகொண்டே வாளியோடு போனவனைப் பற்றி இல்லை.

அவனுடைய முகம் வருகிறதா என்று பார்க்கிறேன். வரவில்லை. வாளியின் பிடி வருகிறது. கயிறு சுற்றிய பிடி.

அவன் ஏதாவது ஒரு கல்லில் ஏதாவது கீறியிருக்கலாம். எழுதத் தெரிந்திருக்காது. ஒரு கோடு, ஒரு வட்டம்.

*

2600 வருஷத்து ஆதனுக்கு நாவல் இருக்கிறது. முந்நூறு வருஷத்து லாயப் பையனுக்கு ஒன்று என் கண்ணில் பட்டதில்லை. யாராவது எழுதலாம். லாயங்கள் கல்யாண மகாலுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ராஜகிரி ஏற ஒரு நேரத்துக்கு மேல் விடுவதில்லை. லாயத்துக்கு ஏற வேண்டியதில்லை.